தொட்டி கரைஞ்ச கதை

இந்த முறை பழைய மோட்டார் படகோட பெட்ரோல் தொட்டி பத்தி ஒரு பதிவு. "படகா? ஏன் இந்தக் கொலவெறி?"ன்னு ஓடிடாதீங்க. பொட்டி தட்டுற பொழப்பில் இருக்கும் யாருக்கும் இந்தக் கதை நன்றாகப் புரியும். பத்து வருஷம் ஒழுங்காக ஓடிய நிரலை, அதை எழுதினவன் தொடவே இல்லை, ஓட்டினவனும் தொடவே இல்லை. கீழே இருக்கிற ஏதோ ஒன்றை மூன்றாவது ஆள் மாத்தினான், மேலே எல்லாம் படுத்துவிட்டது. அதேதான் இங்கேயும். என்ன, நிரலுக்குப் பதில் கடலில் மிதக்கிற படகு.

1950-களின் கடைசி வரை அமெரிக்காவில் மோட்டார் படகு என்றால் பெரும்பாலும் மரப்படகுதான். அதற்குள் இரும்பிலோ செம்பிலோ ஒரு தொட்டி. இரும்பு துருப்பிடிக்கும், மரம் உளுத்துப்போகும், வருஷா வருஷம் பெயிண்ட், மராமத்து. உப்புத் தண்ணியில் இரும்பை வைத்தால் என்ன ஆகும் என்று நம்ம கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும்.

அப்போதுதான் ஃபைபர்கிளாஸ் வந்தது. கண்ணாடி இழைத் துணியை அச்சில் விரித்து, பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி, இறுகவிட்டால் ஒரே துண்டாகப் படகின் உடம்பு ரெடி. துருவும் கிடையாது, உளுப்பும் கிடையாது. 1959-ல் வில்லிஸ் ஸ்லேன் என்பவர் ஹேட்டரஸ் கம்பெனியைத் தொடங்கினார். எங்கே தெரியுமா? வட கரோலினாவில் ஹை பாயிண்ட் என்ற ஊரில். மரச்சாமான் செய்கிற ஊர், கடலுக்கும் அதற்கும் வெகு தூரம். அங்கிருந்து 1960-ல் 41 அடி நீள ஃபைபர்கிளாஸ் படகு ஒன்று வெளியே வந்தது. "இவ்வளவு பெரிய படகை இதில் செய்ய முடியாது"ன்னு சொன்னவங்க வாயை மூடிக்கிட்டாங்க.

அதே 1960-ல் மயாமியிலிருந்து நாசாவ் வரை ஒரு படகுப் பந்தயம். அன்று கடல் கொந்தளிப்பு. டிக் பெர்ட்ராமின் 'மாப்பி' சுமார் எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பல படகுகள் மறுநாள்தான் கரை சேர்ந்தன. அடிப்பக்கம் ஆழமான 'வி' வடிவில் இருந்ததுதான் ரகசியம், வடிவமைத்தவர் ரே ஹண்ட். பந்தயத்தில் ஓடிய மாப்பி மரப்படகு. அதையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்து, ஃபைபர்கிளாஸில் விற்பனைக்கு வந்தது பெர்ட்ராம் 31. 1980-கள் வரை செய்தார்கள். இன்றைக்கும் அந்தப் படகுக்கு ரசிகர் கூட்டம் உண்டு, நம்ம ஊரில் புல்லட்டுக்கு இருக்கிற மாதிரி.

இப்போ மேட்டருக்கு வருவோம். உடம்பை ஃபைபர்கிளாஸில் செய்கிறவன் தொட்டியை மட்டும் ஏன் இரும்பில் செய்யணும்? அதே ரெசின், அதே துணி, அதே ஆள். பெர்ட்ராம், ஹேட்டரஸ் போன்ற நல்ல பெயர் எடுத்த கம்பெனிகளே ஃபைபர்கிளாஸ் பெட்ரோல் தொட்டி வைத்தன. அரிப்பு கிடையாது, படகின் ஆயுசு முழுக்க வரும். அது விளம்பரப் புளுகு இல்லை. அன்றைய பெட்ரோலுக்கு அந்த ரெசின் நிஜமாகவே அசையாது.

கடலோரக் காவல்படையும் சும்மா இல்லை. 1971-ல் மத்திய படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதன்கீழ் பெட்ரோல் அமைப்புக்கு விதிகள் வந்தன. தொட்டியின் திறப்புகள் எல்லாம் அதன் உச்சியிலோ அதற்கு மேலோதான் இருக்கணும். தொட்டி படகின் கட்டுமானத்தில் ஒரு பாகமாக இருக்கக் கூடாது, தனிப் பெட்டியாக இருக்கணும். அழுத்தச் சோதனை, அதிர்வுச் சோதனை, உள்ளே பெட்ரோல் அலம்பினால் தாங்குமா என்று ஒரு சோதனை, இரண்டரை நிமிஷம் தீயில் காட்டி ஒரு சோதனை. பக்காவான விதிகள். நாளைக்குப் பெட்ரோலே வேறு ஒன்றாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் சோதனை இல்லை. எப்படி இருக்கும்?

பெட்ரோல் மாறிய கதை தனி. ஒவ்வொரு கட்டத்திலும் மாற்றியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது, அதுதான் இதில் விசேஷம்.

முதல் கட்டம் ஈயம். எஞ்சின் இடிக்காமல் ஓட ஆக்டேன் வேண்டும், அதற்காக 1920-களிலிருந்து பெட்ரோலில் ஈயக் கலவை சேர்த்தார்கள். எத்தனாலும் அந்த வேலையைச் செய்யும் என்று அப்போதே தெரியும், ஆனால் ஈயம்தான் ஜெயித்தது. அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது என்பதால் 1970-களில் குறைக்க ஆரம்பித்து, 1996-ல் சாலை வாகனங்களுக்கு முழுசாகத் தடை செய்தார்கள். இதில் யார் குறை சொல்ல முடியும்?

ஈயம் போன இடத்துக்கு ஆள் வேண்டுமே? 1979-ல் எம்.டி.பி.இ. என்ற ரசாயனத்துக்கு அனுமதி கிடைத்தது. 1990-ல் காற்று மாசுச் சட்டத்தைத் திருத்தி, புகை அதிகமுள்ள நகரங்களில் விற்கும் பெட்ரோலில் எடையில் 2 சதவீதம் ஆக்சிஜன் இருக்கணும் என்று போட்டார்கள். 1995-ல் அமலானது. ஆக்சிஜனுக்கு இரண்டே வழி: எம்.டி.பி.இ. அல்லது எத்தனால். எத்தனால் மக்காச்சோளம் விளைகிற நடு மாநிலங்களில் மலிவு. ஆனால் அது தண்ணியை இழுக்கும், அதனால் பெட்ரோல் குழாய்ப் பாதையில் அனுப்ப முடியாது, லாரியிலோ ரயிலிலோதான் போகணும். எம்.டி.பி.இ.க்கு அந்தத் தொல்லை இல்லை. விளைவு? நடுவில் எத்தனால், கடலோரத்தில் எம்.டி.பி.இ.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பச் சுவாரசியமாகப் பட்டது. பெர்ட்ராமும் ஹேட்டரஸும் எங்கே இருந்தன? பெரும்பாலும் கடலோரத்தில். சோள மாநிலங்களில் 1970-களின் கடைசியிலிருந்தே எத்தனால் பெட்ரோல் புழக்கத்தில் இருந்தது. அந்தப் பெட்ரோலும் இந்தத் தொட்டிகளும் கால் நூற்றாண்டு காலம் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்கவே இல்லை. பிழை உள்ளேயே படுத்திருந்தது, அதை எழுப்பிவிடும் உள்ளீடு மட்டும் வரவில்லை. 1980-களின் நடுவில் புதுப் படகுகளுக்கு ஆல்கஹாலைத் தாங்குகிற ரெசின் வந்துவிட்டது. ஏற்கனவே கடலில் மிதந்தவை அப்படியே இருந்தன.

அடுத்தது தண்ணி. எம்.டி.பி.இ.க்கு ஒரு கெட்ட குணம், தண்ணியில் சுலபமாகக் கரையும். பெட்ரோல் பங்கின் தரையடித் தொட்டி கசிந்தால் நேராக நிலத்தடி நீருக்குப் போய்விடும். கொஞ்சம் கலந்தாலே டர்பன்டைன் வாடை அடிக்கும், குடிக்க முடியாது. 1996-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் கிணறுகளை மூட வேண்டி வந்தது, ஊரின் குடிநீரில் ஏறத்தாழ பாதி போச்சு. 1999-ல் ஆளுநர் கிரே டேவிஸ் எம்.டி.பி.இ.யை நிறுத்த உத்தரவு போட்டார், அது 2003 முடிவில் அமலானது. நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் 2004 ஜனவரி 1 முதல் தடை. ஆக்சிஜன் விதி அப்படியே இருந்ததால் பாக்கி இருந்தது ஒரே வழி: எத்தனால்.

நியூயார்க்குக்கும் கனெக்டிகட்டுக்கும் நடுவில் லாங் ஐலண்ட் சவுண்ட் என்ற நீரிணை. கரை முழுக்க படகுத்துறைகள். மாற்றத்துக்கு அடுத்து வந்த சீசன்களில் அங்கே விசித்திரமான புகார்கள். நல்லா ஓடிய எஞ்சின் கிளம்ப மாட்டேங்குது, திணறுது. பிரித்துப் பார்த்தால் உள்ளிழுக்கும் வால்வுகளின் தண்டில் தார் மாதிரி கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. வால்வு சிக்கி, தள்ளுதண்டுகள் வளைந்திருந்தன. மெக்கானிக் எஞ்சினைச் சுத்தம் செய்து மாட்டினால் மறுபடி அதே கதை. வடிகட்டி மாற்றினாலும் பலனில்லை.

படகு உரிமையாளர்கள் சங்கமான போட்யுஎஸ் இதைத் துருவியது. கறுப்புப் பிசின் வந்தது பெட்ரோலில் இருந்தல்ல, தொட்டியிலிருந்து. எத்தனால் மூலக்கூறு சின்னது, பழைய பாலியெஸ்டர் ரெசினுக்குள் நுழைந்து, அதை ஊற வைத்து, சரியாகப் பிணையாமல் கிடந்த பகுதிகளை வெளியே இழுத்துவிட்டது. வடிகட்டியில் ஏன் மாட்டவில்லை? டீ வடிகட்டியில் சர்க்கரை மாட்டுமா? கரைந்து போனது கரைந்ததுதான். சூடான வால்வில் பெட்ரோல் ஆவியானதும் சர்க்கரைப் பாகு மாதிரி அங்கே படிந்துவிடுகிறது.

எஞ்சின் போனது பாதிப் பிரச்சினை. தொட்டியின் சுவர் மெலிகிறது, மெத்தென்று ஆகிறது. அது எங்கே இருக்கிறது? மூடிய படகின் அடிவயிற்றில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், வெளியே போகாமல் அடியிலேயே தேங்கும். கார் தொட்டி கசிந்தால் ரோட்டில் ஒழுகும். படகுத் தொட்டி கசிந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கீழே ஒரு வெடிகுண்டு, பக்கத்திலேயே எஞ்சின் ஸ்டார்ட்டர். அதனால் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்"னு விடவும் முடியாது. (டீசல் படகுக்காரர்கள் தப்பித்தார்கள். டீசலில் எத்தனால் கிடையாதே.)

"தொட்டியை மாத்திட வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. படகு செய்கிற வரிசையைப் பாருங்கள். முதலில் உடம்பு, அப்புறம் தொட்டி, அதற்கு மேல் தளத்தை வைத்து மூடுவார்கள். பீரோவை வைத்துவிட்டு அதைச் சுற்றி வீடு கட்டின மாதிரி. வெளியே எடுக்க வழியே கிடையாது. பெட்ரோலை உறிஞ்சி எடுக்கணும், ஆவியை வெளியேற்றணும், தீப்பொறி கிளம்பாதபடி பார்க்கணும், பிறகு தளத்தை அறுக்கணும். சில படகில் எஞ்சினையே தூக்கினால்தான் தொட்டி நகரும். இல்லாவிட்டால் உள்ளேயே தொட்டியைத் துண்டு போடணும்.

புதுத் தொட்டிக்குப் பெரும்பாலும் கடலுக்கான அலுமினியக் கலவை. இருந்த குழியை அளந்து, வெல்டிங் வைத்து, அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்த்து, இறக்கி, குழாய்களை மாற்றி, அறுத்த தளத்தைத் திரும்ப ஒட்டணும். இங்கேதான் விதி சிரிக்கிறது. அலுமினியத்தின் மேல் ஈரம் தேங்கினால் அங்கே பொத்துப் பொத்தாக அரிக்கும். அதனால் தொட்டியைச் சுற்றிக் காற்று போக இடைவெளி, அடியில் ஈரம் உறிஞ்சாத ரப்பர் பட்டை, சுற்றிலும் நுரை நிரப்பாமல் இருப்பது என்று ஆயிரம் பத்தியம். எந்த அரிப்பிலிருந்து தப்பிக்க 1960-ல் ஃபைபர்கிளாஸுக்குப் போனார்களோ, அதே அரிப்புக்கு நாற்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள்.

பழைய படகு ஒன்றுக்கு இந்தச் செலவு சில சமயம் படகின் விலையையே தாண்டிவிடும். சிலர் மாற்றினார்கள். சிலர் டீசல் எஞ்சினுக்குத் தாவினார்கள். சிலர் எத்தனால் இல்லாத பெட்ரோலைத் தேடி அலைந்தார்கள், ஃப்ளோரிடாவில் அது ரெக்-90 என்ற பெயரில் கிடைக்கிறது. சிலர் படகையே தலைமுழுகினார்கள்.

2005-ல் எரிசக்திக் கொள்கைச் சட்டம் வந்தது. ஆக்சிஜன் விதி போச்சு, ஆனால் இவ்வளவு எத்தனால் கலந்தே ஆகணும் என்று புது விதி வந்தது. 2006-க்குள் எம்.டி.பி.இ. ஏறக்குறைய மறைந்தது, 10 சதவீத எத்தனால் நாடு முழுக்கப் பரவியது. 2010-ல் 15 சதவீதத்துக்கு அனுமதி கொடுத்தபோது படகு எஞ்சின்களுக்குக் கூடாது என்று தெளிவாக எழுதினார்கள். இந்தத் தடவை படகுக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். முதல் தடவையின் பில்லைக் கட்டியவர்களுக்கு அதில் என்ன பிரயோஜனம்?

இதில் வில்லன் யாருன்னு தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஈயத்தை எடுத்தவர் குழந்தைகளைக் காப்பாற்றினார். எம்.டி.பி.இ.யைச் சேர்த்தவர் காற்றைச் சுத்தம் செய்தார். அதை எடுத்தவர் கிணற்றைக் காப்பாற்றினார். தொட்டி செய்தவரும் தன் காலத்துக்குச் சரியானதைத்தான் செய்தார். ஒவ்வொரு முடிவும் சரி, கூட்டிப் பார்த்தால் படகுக்காரன் தலையில் ஆப்பு. தடை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. குடிநீரா படகா என்றால் குடிநீர்தான். ஆனால் மாற்றத்தால் யார் யாருக்கு அடி விழும் என்று முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டிருக்கலாம். "பழைய ஃபைபர்கிளாஸ் தொட்டியா? எத்தனாலை ஊற்றாதே"ன்னு படகுத்துறைப் பங்கில் ஒரு பலகை வைத்திருந்தாலே எத்தனையோ எஞ்சின் பிழைத்திருக்கும். ஆல்கஹாலைத் தாங்கும் ரெசினுக்கு மாறியபோதே விஷயம் தெரிந்தவர்கள் இருந்தார்கள், தெரிய வேண்டியவர்களிடம் அது போய்ச் சேரவில்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2003-ல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீத எத்தனாலோடு ஆரம்பித்தது, 2025-ல் 20 சதவீதத்தைத் தொட்டது. நம்ம பைக் தொட்டி இரும்பு, படகு மாதிரி கரையாது. ஆனால் பழைய வண்டியின் ரப்பர் குழாய், வாஷர், கார்புரேட்டர் எல்லாம் எந்தப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை? வீட்டில் அப்பாவோட பழைய வண்டி நிற்கிறதா? ஒரு தடவை பெட்ரோல் குழாயைக் கையால் அமுக்கிப் பாருங்க. கொழகொழன்னு இருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாத்திடுங்க. அந்தச் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.