பெயர் மாறாமல் மாறும் மின்வண்டி

வண்டி வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த ஆண்டு மாடல்?" என்பதே. பெட்ரோல் வண்டியைப் பொறுத்தவரை இக்கேள்விக்கான விடை பெரும்பாலும் வண்டியின் வயதை மட்டுமே தெரிவித்தது. அம்பாசிடர் காரை எண்ணிப் பார்ப்போம். வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் இறுதியில் பிறந்த அக்கார் 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தியாயிற்று. இடையில் முகப்பு மாறிற்று, விளக்குகள் மாறின, பிற்காலத்தில் எஞ்சினும் மாறிற்று. எனினும் ஒரு மாடலில் பழகிய மெக்கானிக்கின் கை மற்றொன்றில் அதிகம் தடுமாறியதில்லை.

அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் டி மாடல் காரை 1908 முதல் 1927 வரை பெரிய மாற்றமின்றி விற்றது. அதற்குப் போட்டியாக ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1920களில் ஆண்டுதோறும் காருக்குப் புதுக்கோலம் பூட்டும் வழக்கத்தைத் தொடங்கிற்று. சென்ற ஆண்டுக் கார் இவ்வாண்டு பழையதாகத் தோன்றவேண்டும் என்பதே அதன் நோக்கம். அது தோலில் நிகழ்ந்த மாற்றம்.

மின்வண்டியின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்குத் தோல் அப்படியே இருக்கும். உள்ளே உயிர் மாறியிருக்கும். அவ்வுயிர் மின்கலம் என்னும் பாட்டரி. வண்டியின் விலையில் பெரும்பங்கு அதற்கே. நம் தீவுக்குக் கப்பலேறி வரும் மின்வண்டிகள் பெருகிவரும் இந்நாளில், அதன் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நம் குடும்பங்களுக்குப் பயன் தரும் என எண்ணுகிறோம்.

மின்வண்டி புதுமைப் பொருள் என்று நினைப்போர் நம்மிடையே பலர். உண்மையில் 1900ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க நகரங்களில் மின்கார்கள் நிறைய ஓடின. அவற்றின் ஈய மின்கலம் மிகக் கனமானது. அக்குறையை நீக்க முனைந்த எடிசன், நிக்கலும் இரும்பும் கொண்ட புதிய மின்கலம் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். அது கசிந்தது, சக்தியும் விரைவில் குறைந்தது. உலகப் புகழ் பெற்றிருந்தும் அவர் அதனைத் திரும்பப் பெற்று, உற்பத்தியையே நிறுத்திவிட்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1910ஐ ஒட்டித் திருந்திய வடிவத்தை வெளியிட்டார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1912இல் காடிலாக் காரில் மின்விசையால் எஞ்சினைக் கிளப்பும் கருவி வந்தது. கைப்பிடியைச் சுழற்றும் தொல்லை ஒழிந்ததும் மக்கள் பெட்ரோல் பக்கம் சாய்ந்தனர்.

நம் நாட்டில் 1993ஆம் ஆண்டு 'லவ்பேர்டு' என்னும் சிறு மின்கார் காட்சிக்கு வந்தது. கேரளத்துச் சாலக்குடியையும் நம் கோயமுத்தூரையும் களமாகக் கொண்ட முயற்சி அது. நிலைத்து நிற்கவில்லை. அதன்பின் 2001இல் பெங்களூரிலிருந்து வந்தது 'ரேவா'. மாடல் ஆண்டு என்பது மின்வண்டியில் எத்துணைப் பொருளுடையது என்பதற்கு ரேவாவைப்போல் சான்று வேறில்லை. தொடக்கத்தில் அதில் இருந்தவை எட்டு ஈய மின்கலங்கள். ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும். 2008ஐ ஒட்டி நேர்மின்னோட்ட மோட்டாருக்குப் பதிலாக மாறுமின்னோட்ட மோட்டார் வந்தது. 2009இல் ஈயம் போய் லித்தியம் வந்தது. ஓடும் தூரம் 120 கிலோமீட்டராயிற்று. எட்டே ஆண்டுகளில் மோட்டாரும் மாறிற்று, மின்கலமும் மாறிற்று. ஆயினும் தெருவில் போகும்போது பார்ப்பவர் கண்ணுக்கு அதே குட்டிக் கார்தான். 2010இல் அந்நிறுவனம் மகிந்திராவின் கைக்கு மாறிற்று.

வெளிநாட்டுச் சான்று ஒன்றையும் கூறல் தகும். அது வெப்பத்தைப் பற்றியது. ஜப்பானின் நிசான் நிறுவனம் 2010 டிசம்பரில் 'லீஃப்' என்னும் மின்காரை விற்கத் தொடங்கிற்று. மின்கலத்தைக் குளிர்விக்க அதில் நீரோட்ட ஏற்பாடு கிடையாது. 2012இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவெளியில் வாழ்ந்த சிலர், தம் கார் ஓடும் தூரம் விரைவாகச் சுருங்குவதைக் கண்டு குறைகூறினர். நிறுவனம் ஆராய்ந்தது. 2015 மாடலில் வெப்பம் தாங்கும் வேறு இரசாயனக் கலவை இடம்பெற்றது. 2014 காரையும் 2015 காரையும் அருகருகே நிறுத்தினால் வேற்றுமை கண்டுபிடிப்பது அரிது. வாங்கியவன் வாழ்வில் மட்டும் வேற்றுமை பெரிது. நம் தீவில் அரிசோனா வெயில் இல்லை. ஆனால் இரவிலும் தணியாத புழுக்கமும், கடற்காற்றின் உப்பும், மாதக்கணக்கில் விடாத மழையும் உண்டு. கேட்டு வாங்கவேண்டிய கடமை நமக்கும் உண்டு.

இனி நம் கவனத்திற்கு உரியவை ஸ்கூட்டர்கள். அபர்தீன் கடைவீதிக்கும் ஜங்கிலிகாட்டுக்கும் கராச்சர்மாவுக்கும் போய்வரும் நமக்குக் காரைவிட இவையே நெருங்கியவை. இவற்றுள் பல நம் தமிழ்நாட்டு ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உருவாகின்றன என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. மின்கலத்தின் கொள்ளளவை நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணும் யூனிட்டாலேயே அளக்கலாம். டி.வி.எஸ். 'ஐக்யூப்' 2020இல் வந்தபோது அதன் மின்கலம் 2.25 யூனிட், 2022இல் ஏறத்தாழ 3 யூனிட், 2024இல் அதே பெயரில் 2.2 யூனிட் வண்டியும் 5.1 யூனிட் வண்டியும் விற்பனைக்கு வந்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இருவர் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் '450எக்ஸ்' 2020இல் 2.9 யூனிட்டாக இருந்து 2022இல் 3.7 யூனிட்டாக வளர்ந்தது. பெயரை மட்டும் கேட்டு விலை பேசுபவர் ஏமாறுவதற்கு இடம் எவ்வளவு இருக்கிறது, பாருங்கள்!

வளர்ந்த மின்கலம் மீண்டும் சிறுத்தது ஏன்? இங்கு அரசின் கை தெரிகிறது. 2021 ஜூனில் மத்திய அரசு மின்கலத்தின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 15,000 ரூபாய் மானியம் அளித்தது. வண்டி விலையில் 40 விழுக்காடு வரை பெற முடிந்தது. 2023 ஜூனில் அது யூனிட்டுக்கு 10,000 ரூபாயாகவும், விலையில் 15 விழுக்காடாகவும் குறைந்தது. 2024இல் யூனிட்டுக்கு 5,000 ரூபாயாயிற்று. மானியம் தேய்ந்தபோது, விலை ஏறாதிருக்கச் சிறிய மின்கல வண்டிகள் மீண்டும் தலைகாட்டின.

மற்றொரு மாற்றத்திற்குக் காரணம் துயரம். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் மின்னேற்றத்தில் இருந்த புதிய ஸ்கூட்டர் ஒன்று தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டில் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அரசு நியமித்த வல்லுநர் குழுவின் பரிந்துரைப்படி ஏ.ஐ.எஸ். 156 என்னும் பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டது. நீர் புகாத உறை, மின்கலத்தைக் கண்காணிக்கும் மேம்பட்ட கருவி, உள்ளே வெப்பம் எல்லை மீறினால் ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்கும் ஏற்பாடு ஆகியவை இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. முதற்கட்டம் 2022 டிசம்பர் 1. இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31.

ஆண்டு மாறாமலே வண்டி மாறுவதும் இன்று உண்டு. கைப்பேசியில் மென்பொருளைப் புதுப்பிப்பதுபோல் நின்ற இடத்திலேயே வண்டியின் இயக்கத்தைத் திருத்துகிறார்கள். இதற்கு நல்ல இணையத்தொடர்பு வேண்டும். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கம்பி நம் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது 2020 ஆகஸ்டில்தான். அதற்கு முன்பு நம் இணையம் நடந்த நடையை இங்கு விவரிக்க வேண்டியதில்லை!

மின்வண்டிக்கு உணவான மின்சாரத்தையும் மறத்தல் ஆகாது. நம் தீவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் கப்பலில் வரும் டீசலை எரித்தே கிடைக்கிறது. பெட்ரோலை விட்டு டீசலைப் பிடித்தோமா என்று சிலர் நகையாடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இதுவும் மாறிவருகிறது. நெய்வேலி நிறுவனம் தலைநகர்ப் பகுதியில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை அமைத்து, 8,000 யூனிட் சேமிக்கும் மின்கலத் தொகுதியையும் அதனுடன் இணைத்தது. ஸ்கூட்டர் மின்கலங்களாகக் கணக்கிட்டால் இரண்டாயிரத்திற்கு மேல் வரும்.

பழைய மின்வண்டியை உறவினரிடமிருந்தோ சென்னைச் சந்தையிலிருந்தோ வாங்கிக் கப்பலேற்ற எண்ணும் அன்பர்கள், பதிவுச் சான்றில் உற்பத்தி ஆண்டோடு மாதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 மாடல் என்று விற்பவர் கூறினால், அது பிப்ரவரியில் செய்ததா மேயில் செய்ததா என்று கேட்கலாம். அடுத்து, மின்கலம் எத்தனை யூனிட் என்றும், அதன் உத்தரவாதம் இன்னும் எத்தனை ஆண்டு என்றும், அவ்வுத்தரவாதம் தீவில் செல்லுமா என்றும் கேட்கலாம்.