ஒரு வட்டு, இரு குடித்தனம்

ஓசூர்ப் பக்கத்தில் அறுபது, எழுபது ஆண்டுகளாகக் கைமாறாமல் இருக்கும் ஒரு நிலத்தின் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பழைய பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றிருக்கும். 1965க்குப் பிற்பட்டதில் தருமபுரி மாவட்டம் என்றிருக்கும். 2004க்குப் பின் எழுதியதில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றிருக்கும். நிலம் ஓர் அங்குலமும் நகரவில்லை, ஏடுதான் மாறியது. கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்தவன் பத்திரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் சற்று நேரத்தில் விளங்கும்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அத்திட்டத்தில் வந்த இயந்திரங்கள் பலவற்றில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று எல்லோரும் அறிந்த விண்டோஸ். மற்றொன்று ‘பாஸ்’ என்னும் லினக்ஸ். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு அமைத்து, 2007இல் முதற் பதிப்பை வெளியிட்டது. பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு சிறு பட்டியல் தோன்றும். எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு இதில் வியப்பொன்றும் இருக்கவில்லை. எனினும், பெரும்பாலோர் பாஸ் பக்கம் போகவே இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அவ்வாறு போன சிலருள் என் மாணவன் ஒருவன். தந்தை சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரிந்தார். பையனுக்கு நடுகற்களில் பித்து. நம் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் நிற்கும் வீரர் கற்களை மிதிவண்டியில் தேடித் தேடிப் படம் எடுத்து, எழுத்துள்ள கற்களுக்குப் படியும் குறிப்பும் எழுதிவந்தான். இரண்டு ஆண்டு உழைப்பு. கடைகளில் செருகி எடுத்த பென்டிரைவ் வழியே விண்டோஸில் வைரஸ் புகுந்து தொல்லை தந்ததால், அவற்றை எல்லாம் பாஸ் பக்கத்திலேயே சேர்த்து வைத்திருந்தான். வேறு படி எடுத்து வைக்கவில்லை. இது அவன் செய்த பிழை; படி எடுத்து வை என்று சொல்லித் தராத என் பிழையும் கூட.

2014ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் விண்டோஸ் பழுதாயிற்று. ஒரு கடையில் கொடுத்துப் புதிதாக நிறுவினார்கள். மறுநாள் இயந்திரத்தைத் திறந்தால் பட்டியலைக் காணோம். நேரே விண்டோஸ் வந்து நின்றது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது, கடைக்காரர் அந்தப் பழைய பகுதிக்கும் ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுத்தார். உடனே, ‘இதைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்ற பொருளில் திரை கேட்டது. “பழையது போய்விட்டது தம்பி, ஆமென்று அழுத்து, இடமாவது மிஞ்சும்” என்றார் அவர். பையன் அழுத்தவில்லை. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த ஒரு கணத் தயக்கம்தான் எல்லாவற்றையும் காப்பாற்றிற்று.

என்ன நடந்தது என்று அறிய 1983க்குப் போக வேண்டும். அவ்வாண்டு மார்ச் மாதம் ஐ.பி.எம். நிறுவனம் ‘எக்ஸ்.டி.’ என்ற இயந்திரத்தை 10 மெகாபைட் கொள்ளளவுள்ள வட்டுடன் வெளியிட்டது. இன்று நாலைந்து புகைப்படங்களுக்கே காணாத இடம் அது! ஆயினும் அதை அமைத்தவர்கள் தொலைநோக்குடையவர்கள். ஒரு வட்டை நான்கு பங்கு வரை பிரித்து, வேறு வேறு இயங்குதளங்களைக் குடிவைக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். வட்டின் முதல் 512 பைட்டுகள் அதற்கான ஏடு. அதில் 446 பைட்டுகளில் இயந்திரத்தை எழுப்பும் சிறு கட்டளைத் தொகுதி. அடுத்த 64 பைட்டுகளில் எந்தப் பங்கு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்னும் பங்குப் பட்டியல். கடைசி இரண்டும் முத்திரை.

பங்குகள் நான்காக இருக்கலாம், வாசல் ஒன்றுதான். இங்கேதான் வழக்கு முளைத்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபின், விண்டோஸ் இருந்த வட்டிலேயே அதையும் வைத்துக்கொள்ள விரும்பினார்கள். வாசலில் நின்று ‘யாரைப் பார்க்க வேண்டும்?’ என்று கேட்கும் காவலாளி தேவைப்பட்டான். முதலில் ‘லைலோ’ என்ற நிரல் அவ்வேலையைச் செய்தது. 1995இல் எரிக் போலின் ‘கிரப்’ என்பதை எழுதத் தொடங்கினார். நம் பிள்ளைகள் கண்ட பட்டியல் அதனுடையதே. விண்டோஸோ, தன்னை நிறுவும்போது வாசலில் யார் நிற்கிறார் என்று கேட்பதில்லை. அந்த 446 பைட்டு இடத்தில் தன் ஆளை நிறுத்திவிடும். அடுத்துள்ள பங்குப் பட்டியலை அது அழிப்பதில்லை. லினக்ஸ் பங்கின் அமைப்பு அதற்குப் படிக்கத் தெரியாது. தெரியாததை வெற்றிடம் என்று கொண்டு ஃபார்மட் செய்யலாமா என்று கேட்கிறது. நிலம் இருக்கிறது, பயிரும் இருக்கிறது, வழிதான் அடைபட்டது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, கை வைக்குமுன் கண் வை என்பது. பென்டிரைவில் இருந்த வேறொரு லினக்ஸைக் கொண்டு இயந்திரத்தை எழுப்பினோம். எதையும் எழுதாமல் பங்குப் பட்டியலை மட்டும் பார்த்தோம். பாஸ் பங்கு இருந்தது. படிக்க மட்டும் இசைவு தந்து அதைத் திறந்தோம். நடுகல் கோப்புறை முழுதும் அப்படியே இருந்தது. பையன் பேசவில்லை, என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் அதனை வேறொரு வட்டுக்குப் படியெடுத்தோம். அதன் பிறகே கிரப்பை மீண்டும் வாசலில் நிறுத்தும் வேலை. அதை ஏதோ ஒரு பங்கிற்குள் அன்று, முழு வட்டின் முகப்பில் நிறுவ வேண்டும். இதில் தடுமாறுவோர் பலர். நிறுவியதும் அது விண்டோஸையும் தானே கண்டு பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அத்துடன் முடிந்ததென்று எழுந்தேன். விண்டோஸைத் திறந்த பையன், “ஐயா, மணி காலை நாலரை என்கிறது” என்றான். சுவர்க்கடிகாரம் பத்தைக் காட்டியது. இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1984இல் வந்த ஐ.பி.எம். ‘ஏ.டி.’ இயந்திரத்தில், மின்சாரம் நின்றாலும் ஓடும் கடிகாரம் இடம்பெற்றது. அக்காலத்து டாஸ் அதில் உள்ளூர் நேரத்தை வைத்தது. அவ்வழக்கத்தை விண்டோஸ் விடவில்லை. லினக்ஸோ உலகப் பொது நேரத்தை வைத்து, உள்ளூர்க் கணக்கைத் தான் கூட்டிக்கொள்வது. இந்திய நேரம் 1906 முதல் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. ஆகவே இங்கே வேறுபாடு சரியாக ஐந்தரை மணி. அதற்கு முன் நம் ரயில்கள் ஓடிய சென்னை நேரமே நீடித்திருந்தால், ஐந்து மணி இருபத்தொரு நிமிட வேறுபாடு வந்திருக்கும்! கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரமே என்று லினக்ஸுக்கு அறிவித்தோம், தகராறு தீர்ந்தது.

விண்டோஸ் 8 வந்த 2012 முதல், வட்டு ஏடும் எழுப்பும் முறையும் பெரிதும் மாறிவிட்டன. புதிய முறையில் ஒவ்வொரு இயங்குதளத்திற்கும் தனித்தனி எழுப்புக் கோப்பு. ஒன்றையொன்று அழிப்பது குறைந்தது. யாரை முதலில் அழைப்பது என்ற வரிசையில் மட்டும் இன்னும் சண்டை உண்டு.

அன்று மாலை பையன் தன் குறிப்புகளை மூன்று பென்டிரைவ்களில் படி எடுத்தான். ஒன்றை என்னிடம் கொடுத்துச் சென்றான். அது இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.