'டிக்' என்ற சத்தத்தின் வரலாறு

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறோம். இன்ஜின் சுழலவில்லை. 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அல்லது 'டிக் டிக் டிக் டிக்' என்று பல்லி கத்துவதுபோல் விடாத சத்தம். "வண்டி செல்ஃப் எடுக்கல" என்று மெக்கானிக்குக்கு போன் போடுகிறோம். இந்த 'செல்ஃப்' என்ற சொல் நம் ஊருக்கு வந்ததே ஒரு பெரிய கதை.

முதலில் வந்த கார்களுக்குக் கைதான் ஸ்டார்ட்டர். முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். அதில் ஆபத்து எங்கே என்றால், தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைக்க மறந்துவிட்டால், இன்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும். ஹேண்டில் திரும்பி வந்து மணிக்கட்டை முறிக்கும். சில சமயம் தாடையையும். அதனால்தான் கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வை என்று சொல்லிக் கொடுத்தார்கள். நம் ஊரில் பழைய அம்பாசிடர், லாரி ஓட்டிய பெரியவர்களைக் கேட்டால் இதை இன்றும் கையை மடக்கிக் காட்டிச் சொல்வார்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பைரன் கார்ட்டர் என்று ஒரு கார் தயாரிப்பாளர் இருந்தார். வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு ஹேண்டில் போட்டு உதவப் போய், அது உதைத்துக் காயப்பட்டு, அதன் பிறகு நோயுற்று 1908-ல் இறந்தார் என்று சொல்வார்கள். கதையின் விவரங்களைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. ஆனால் அவருடைய நண்பரான காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்ட், இந்த ஹேண்டிலை ஒழித்தே தீருவது என்று முடிவு செய்தது உண்மை.

அந்த வேலை சார்லஸ் கெட்டரிங் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. 1876-ல் ஒகாயோ மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரிக்குப் போவதற்கு முன் கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தவர் (இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வரத்தான் செய்கிறது!). கண் கோளாறால் படிப்பு பாதியில் நின்று, டெலிபோன் கம்பி இழுக்கும் வேலைக்குப் போய், மறுபடி படித்து 1904-ல்தான் பட்டம் வாங்கினார். பிறகு கடைகளில் காசு வாங்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தினார்.

அதுதான் கை கொடுத்தது. இன்ஜினைச் சுழற்றும் மோட்டார் இன்ஜின் அளவுக்கே பெரிதாக இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கெட்டரிங் யோசித்தது வேறு. கல்லாப்பெட்டி மோட்டார் நாள் முழுக்க ஓடுவதில்லை, ஒரு நொடி வேலை செய்தால் போதும். காருக்கும் அப்படித்தானே? சில நொடி மட்டும் ஓடப்போகிற சின்ன மோட்டாருக்கு அளவுக்கு மீறிய கரண்ட்டைக் கொடுத்தாலும் அது சூடாகிக் கெடுவதற்குள் இன்ஜின் ஓடிவிடும். 1912 மாடல் காடிலாக்கில் இது வந்தது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே கருவி டைனமோவாகி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியது.

இன்னொரு விஷயம். அந்நாளில் ஹேண்டில் சுற்ற வேண்டாம் என்பதற்காகவே பல பெண்கள் மின்சாரக் கார் ஓட்டினார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே தன் வீட்டுக்காரர் செய்த காரை விட்டுவிட்டு டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் காரில்தான் போய்வந்தார்! ஃபோர்டின் மாடல் டி காருக்கு மின் ஸ்டார்ட்டர் 1919-ல்தான் வந்தது.

சரி, 'டிக்' எங்கிருந்து வந்தது? பழைய கார்கள் பலவற்றில் ஓட்டுநர் காலால் மிதித்தோ கையால் இழுத்தோ அந்தப் பெரிய சுவிட்சை நேரடியாக மூடினார். சாவியைத் திருப்பினாலே போதும் என்று ஆனபோது, மெல்லிய ஒயரில் வரும் சிறிய கரண்ட், நூற்றுக்கணக்கான ஆம்பியர் போகும் தடித்த பாதையைத் திறந்துவிட ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள்தான் சோலனாய்டு. கம்பிச் சுருளுக்கு இந்தப் பெயரை 1820-களில் வைத்தவர் ஆம்பியர். சாவியைத் திருப்பினால் சுருள் காந்தமாகி உள்ளே இருக்கும் இரும்பை இழுக்கும். அது பல்சக்கரத்தை பிளைவீல் பல்லோடு சேர்த்துவிட்டு, மோட்டாருக்கான இணைப்பையும் மூடும். இரும்பு போய் இடிப்பதுதான் நாம் கேட்கும் 'டிக்'.

இது புரிந்தால் நோயும் புரியும். விடாமல் 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம். இணைப்பு மூடியதும் மோட்டார் கரண்ட்டை இழுக்கும், வோல்ட் விழும், சோலனாய்டு பிடியை விடும், வோல்ட் ஏறும், மறுபடி பிடிக்கும். ஒரே ஒரு 'டிக்' என்றால் சோலனாய்டின் உள் இணைப்பு கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு செத்துப்போனால் பேட்டரியையோ அதன் இணைப்பையோ சந்தேகியுங்கள். பளிச்சென்றே எரிந்தால் கோளாறு சோலனாய்டு, மோட்டார் பக்கம். நிறுத்தி வைத்த காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் சார்ஜ் இல்லை என்று பொருள்.

எங்கள் தெருவில் ஒருவருக்கு முழு ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். ஓய்வூதியத்தில் வாழும் மனிதர், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து பானெட்டைத் திறந்தார். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊற்றித் தேய்த்து, எர்த் ஒயரையும் இறுக்கினார். வண்டி எடுத்துவிட்டது.

சென்னைவாசிகள் பாடியில் 'லூகாஸ்' என்று ஒரு பஸ் ஸ்டாப்பைச் சொல்வீர்களே, அது லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை இருக்கும் இடம். 1960-களிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிறார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள், ஹேண்டில் சுற்றிக் கை வீங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் கீழே எழுதுங்கள்.