நாவலும் நீதிமன்றமும்

றோய் ஹோர்னிமனின் ‘இஸ்ரேல் றாங்க்’ (1907) நாவலில், பிரபுப் பட்டத்தை அவாவும் நாயகன் இடைநின்ற உறவினரைக் கொன்ற கதையைத் தானே நயம்படக் கூறுகின்றான். கொலைஞன் யாரென ஐயமின்மையால் அங்கு நகைப்புக்கு இடமுண்டு.

உயர்குடிக் கொலையொன்றை ஆராயும் வரலாற்றாசிரியனுக்கோ அவ்வசதி இல்லை. 1951 ஒக்டோபர் 9இல், கொழும்பில், கிறிக்கெற் வீரர் மகாதேவ சதாசிவத்தின் மனைவி கொலையுண்டார். கணவரே எதிரியானார். வீட்டுப் பணியாளர் அரசதரப்புச் சாட்சியானார். அவரே கொன்றாரென எதிரிதரப்பு வாதிட்டது. மரணம் நிகழ்ந்த நேரமே வழக்கின் அச்சாணி. கொல்வின் ஆர். டி சில்வா வாதாட, எடின்பரோப் பேராசிரியர் சிட்னி சிமித் சாட்சியமளித்தார். 1953இல் யூரிமார் சதாசிவத்தை நிரபராதியெனக் கண்டனர்.

சீமான், வேலைக்காரன் என்னும் வர்க்க முற்சாய்வுகளால் எஞ்சிய வெற்றிடத்தை நிரப்புதல் நாவலாசிரியனுக்கு ஒக்கும். சான்று முடியுமிடத்தில் நிற்பதே வரலாற்றாசிரியனின் கடன்.