ஐந்தாவது மலேரியா: ஸ்லைடில் இருந்தும் பெயர் கிடைக்காத கிருமி

மலேரியா டெஸ்ட் எப்படி எடுப்பாங்கன்னு உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஒரு கண்ணாடி ஸ்லைடு, மைக்ரோஸ்கோப். ரிப்போர்ட்டில் ஒரு கிருமியின் பெயர் எழுதி வரும். அந்தப் பெயர் தப்பாக இருந்தால்? ஒருத்தர் ஒரு நாள் அசந்துபோய்ச் செய்த தப்பைச் சொல்லவில்லை. ஒரு மாநிலம் முழுக்க, வருஷக்கணக்கில், நல்ல பயிற்சி உள்ளவர்களே பார்த்து அதே தப்பான பெயரை எழுதியிருந்தால்? மலேசியாவில், போர்னியோ தீவின் சரவாக் மாநிலத்தில் அதுதான் நடந்தது. அது ஏன் நடந்ததுன்னு புரியணும்னா, கொஞ்சம் பின்னால் போகணும்.

1880. அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் நகரத்தின் ராணுவ மருத்துவமனை. அல்போன்ஸ் லவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் ஒரு நோயாளியின் ரத்தத்தைப் பார்க்கிறார். சாயம் எதுவும் ஏற்றாத ரத்தம். அதற்குள் ஏதோ உயிரோடு அசைகிறது, மெல்லிய இழைகள் துடிக்கின்றன. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் மலேரியாவுக்குக் காரணம் என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. நோய்க்குக் காரணம் ஒரு ஒட்டுண்ணி என்று லவெரான் சொன்னதை ஏற்றுக்கொள்ள மற்றவர்களுக்குச் சில வருஷம் ஆனது.

அடுத்து இத்தாலியில் கமிலோ கோல்ஜி. நரம்பணுக்களை ஆராய்ந்து பிற்பாடு நோபல் பரிசு வாங்கினாரே, அவரேதான். நம்ம ஊரில் முறைக்காய்ச்சல்னு ஒரு சொல் இருக்கு. முறை வைத்து வந்து, விட்டு, மறுபடி வரும் காய்ச்சல். சிலருக்கு அது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும், சிலருக்கு 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. 1885, 86 வாக்கில் கோல்ஜி என்ன செய்தார் என்றால், நோயாளிக்குக் காய்ச்சல் ஏறும் நேரத்தையும் ரத்தத்தில் தெரியும் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுவுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் பல துண்டுகளாகப் பிரிந்து வெடித்து வெளியேறும்போதுதான் காய்ச்சல் வருகிறது. 48 மணி நேரக் காய்ச்சலுக்கும் 72 மணி நேரக் காய்ச்சலுக்கும் ஒட்டுண்ணிகள் வேறு வேறு. அதாவது மலேரியா என்பது ஒரே கிருமி தரும் நோய் இல்லை.

இதில் ஒன்றை மட்டும் மனசில் வச்சுக்கோங்க. கோல்ஜி ரத்தத்தை மட்டும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்த்தார்.

அதற்குப் பிறகு சாயம் வந்தது. 1891-இல் ரஷ்யாவில் ரோமனோவ்ஸ்கி நீலச் சாயத்தையும் சிவப்புச் சாயத்தையும் கலந்தார். 1904-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் குஸ்தாவ் கீம்சா அதைச் செம்மைப்படுத்தினார். ஒட்டுண்ணியின் உட்கரு சிவப்பாகவும் உடல் நீலமாகவும் தெரியும். கீம்சா சாயம் இன்றைக்கும் உலகம் முழுக்க லேப்களில் இருக்கிறது. சாயம் வந்ததும் வேலை சுலபமானது. ஸ்லைடை வைத்தே எந்த வகை மலேரியா என்று சொல்லிவிட முடிந்தது.

எப்படிச் சொல்றாங்க? ரத்தத்தைக் கெட்டியாகப் பரப்பினால் அது திக் ஸ்மியர். கிருமி இருக்கா இல்லையா என்று தேடுவதற்கு. மெல்லிசாக இழுத்தால் தின் ஸ்மியர். எந்த வகை என்று பார்ப்பதற்கு. பால்சிபாரம் என்றால் மெல்லிய மோதிரம் மாதிரி வளையங்கள், ஒரே சிவப்பணுவுக்குள் ரெண்டு மூணு கூட இருக்கும். பிறை வடிவமும் தென்படும். வைவாக்ஸ் என்றால் சிவப்பணுவே உப்பிப் பெரிதாகிவிடும், பொடிப்பொடியாகச் சிவந்த புள்ளிகள் தெரியும். ஓவேல் என்றால் அணு முட்டை வடிவமாக நீளும். இதைத் தனி வகை என்று பிரித்ததே 1922-இல்தான். நாலாவது, பிளாஸ்மோடியம் மலேரியே. நோயின் பெயர் மலேரியா, இந்தக் கிருமியின் பெயர் மலேரியே, குழம்பிடாதீங்க. இதன் அடையாளம், சிவப்பணுவின் குறுக்கே பெல்ட் கட்டின மாதிரி ஒரு பட்டை. கோல்ஜி பார்த்த 72 மணி நேரக் காய்ச்சலுக்குக் காரணம் இதுதான். மெதுவாகப் பெருகும், ஆளைக் கொல்வது மிக அரிது.

ஆக, மனுஷனுக்கு வரும் மலேரியா நாலு. புத்தகம் நாலு என்றது, பயிற்சியில் நாலு என்றார்கள், ஸ்லைடு பார்க்கிறவரும் நாலில் ஒன்றைத்தான் தேடுவார்.

இப்போ கல்கத்தாவுக்கு வாங்க. 1930-களின் தொடக்கம். அங்கே இருந்த வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு நீள்வால் குரங்கின் ரத்தத்தில் ஒரு மலேரியா ஒட்டுண்ணி கிடைத்தது. அதை வேறு குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். நம்ம ஊரின் ரீசஸ் குரங்குக்கு ஏற்றியபோது அது கடுமையான நோயானது. ராபர்ட் நோல்ஸ், பிராஜ் மோகன் தாஸ் குப்தா என்ற இருவரும் ஒரு படி மேலே போய், அது மனிதருக்கும் தொற்றும் என்று 1932-இல் காட்டினார்கள். அதே வருஷம் அந்தக் கிருமிக்குப் பிளாஸ்மோடியம் நோலெசி என்று பெயர் வைத்தார்கள். நோல்ஸின் பெயர் கிருமியில் நின்றது. தாஸ் குப்தாவின் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையோடு நின்றுபோனது.

நோலெசியின் தனிக்குணம் வேகம். 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். மலேரியே ஒரு தடவை பெருகுவதற்குள் இது மூணு தடவை பெருகியிருக்கும். அந்தக் காலத்தில் மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோய்க்கு, வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றிக் காய்ச்சல் வரவைக்கும் சிகிச்சை இருந்தது. அதற்கு நோலெசியையும் பயன்படுத்தினார்கள். ருமேனியாவில் ஆள் மாற்றி ஆளுக்கு ஏற்றிக்கொண்டே போனதில் நோயின் கடுமை கட்டுமீறிப் போய், அதைக் கைவிட வேண்டியதானது. இது மனுஷனுக்கு ஆபத்து என்று அப்போதே எழுதி வைத்தாகிவிட்டது. ஆனால் ஊசி போட்டால்தானே வரும், காட்டில் கொசு கடித்து யாருக்கு வரப்போகிறது என்பதுதான் பொதுவான எண்ணம்.

1965-இல் அப்படியும் ஒருவருக்கு வந்தது. மலேசியாவின் பகாங் காட்டில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு அமெரிக்க நில அளவையாளர். ஸ்லைடு பார்த்தவர்கள் முதலில் பால்சிபாரம் என்றார்கள். பிறகு மலேரியே என்றார்கள். அவருடைய ரத்தத்தை ரீசஸ் குரங்குகளுக்கு ஏற்றினார்கள். குரங்குகள் செத்தன. அப்போதுதான் அது நோலெசி என்று தெரிந்தது. அடுத்து பகாங்கில் ஆயிரம் பேருக்கு மேல் ரத்தம் எடுத்து, குரங்குகளுக்கு ஏற்றித் தேடினார்கள். எதுவும் சிக்கவில்லை. எப்போதாவது ஒருத்தருக்கு வரும் விநோதம் என்று அந்த அத்தியாயத்தை மூடிவிட்டார்கள்.

அந்த ஒரு ஸ்லைடை ரெண்டு விதமாகப் படித்தார்கள் பாருங்க, விஷயமே அதில்தான் இருக்கு. நோலெசி இளசாக இருக்கும்போது பால்சிபாரம் மாதிரி மோதிரம். வளர்ந்தபிறகு மலேரியே மாதிரி பெல்ட். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம், ஒன்று 72 மணி நேரம் எடுக்கிறது, இன்னொன்று 24 மணி நேரம். ஸ்லைடில் அது எப்படித் தெரியும்? ஸ்லைடு ஒரு போட்டோ. அதில் நேரம் ஓடாது.

சரி, சரவாக். ராஜாங் ஆற்றை ஒட்டிய கப்பிட் பகுதி. 1990-களின் கடைசி. அங்கே மலேரியே என்று வரும் ரிப்போர்ட்டுகள் ஏராளம். சரவாக் பல்கலைக்கழகத்தில் இருந்த பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் இருவருக்கும் இது உறுத்தியது. மலேரியே என்றால் ரத்தத்தில் கிருமி குறைவாக இருக்கணும். இங்கே நிறைய இருந்தது. நோயாளி அவ்வளவாகத் துவளக் கூடாது. இங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. ரத்தத்தை பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினார்கள். மலேரியே இல்லை என்று வந்தது. கிருமியின் மரபணுவையே படித்துப் பார்த்தார்கள். நோலெசி.

2004-இல் முடிவுகள் வெளிவந்தன. சோதித்த 208 மலேரியா நோயாளிகளில் 120 பேரின் ரத்தத்தில் நோலெசி. அவர்களில் பெரும்பாலோருடைய ஸ்லைடில் எழுதியிருந்த பெயர் மலேரியே. பிறகு, 1996-இல் எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த பழைய ஸ்லைடுகளில் காய்ந்திருந்த ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தார்கள். மலேரியே என்று முத்திரை குத்தியிருந்தவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே நோலெசி. ஆக, இது புதிதாக முளைத்த நோய் இல்லை.

2008-இல் வந்த கட்டுரையைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சரவாக்கில் இறந்துபோன நான்கு பேருக்கு நோலெசி இருந்தது உறுதியானது. நான்கு பேருக்கும் மைக்ரோஸ்கோப் சொன்ன பெயர் மலேரியே, அதாவது ஆளைக் கொல்லாது என்று பெயரெடுத்த கிருமி. நோலெசிக்கு மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. மலேரியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளே கேட்கும். ஆனால் தினமும் பெருகும் கிருமிக்கு, சீக்கிரம் கொடுக்கணும். அந்தப் பெயர், அவசரம் இல்லை என்று சொல்லிவிடுகிறது.

ஸ்லைடு பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. பெல்ட் வடிவத்தைப் பார்த்தார்கள், பெல்ட்டுக்குப் புத்தகத்தில் இருந்த பெயரை எழுதினார்கள். கண் சரியாகத்தான் வேலை செய்தது. பட்டியலில்தான் ஐந்தாவது வரி இல்லை. சந்தேகம் வந்ததும் ஸ்லைடிலிருந்து இல்லை, இந்த நோயாளி ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறார் என்ற கேள்வியிலிருந்து. கோல்ஜி செய்ததும் அதுதானே? ரத்தத்தைப் பார்த்த கையோடு கட்டிலில் கிடப்பவரையும் பார்த்தார்.

இப்போது அந்தப் பகுதிகளில் பெல்ட் வடிவம் தெரிந்தால் நோலெசி என்றே சந்தேகிக்கிறார்கள், பி.சி.ஆர். வைத்து உறுதி செய்கிறார்கள். இன்னொரு செய்தி. 2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா பூஜ்யம் என்று அறிவித்தார்கள். பெரிய சாதனை. ஆனால் அதே 2018-இல் நோலெசி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். குரங்கும் அங்கேதான் இருக்கு, காட்டுக் கொசுவும் அங்கேதான் இருக்கு. தோட்ட வேலைக்கும் மர வேலைக்கும் காட்டோரம் போகிற மனுஷனும் அங்கேதான் இருக்கான்.