எண்ணெய் இல்லாத அச்சு

வேகமாகச் சுழலும் யந்திரத்திற்கு உயிர்நாடி மசகு எண்ணெய். மோட்டார் வண்டியின் டர்போசார்ஜரே இதற்குத் தக்க உதாரணம். ஸ்விட்ஜர்லாந்துப் பொறியியலறிஞர் ஆல்பிரெட் பூக்கி 1905-ஆம் ஆண்டில் அதன் தத்துவத்திற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சின் கழிக்கும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. நிமிஷத்திற்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலவல்ல அந்த அச்சு, எஞ்சின் பம்பு அனுப்பும் எண்ணெயின் மெல்லிய படலத்தின்மீது மிதக்கிறது. எண்ணெய் தடைப்பட்டால் அச்சும் அதன் தாங்கியும் விரைவில் தேய்ந்து கெடும்.

எண்ணெயே நுழைய முடியாத இடத்தில் இத்தகைய அச்சைச் சுழற்றுவது எவ்வாறு? இக்கேள்வி திருவனந்தபுரத்தை வந்தடைந்தது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் அந்நகரை அடுத்த தும்பாவிலிருந்துதான் நம் நாட்டு மண்ணின் முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் எழுந்தது. அந்நகருக்கு அருகே வலியமலையில் திரவ எரிபொருள் எஞ்சின்களை வடிவமைக்கும் மையம் அமைந்துள்ளது. கடுங்குளிர் எஞ்சினின் நுட்பத்தைத் தர உடன்பட்டிருந்த ருஷியா, அமெரிக்காவின் நெருக்குதலால் 1993-இல் பின்வாங்கியது. மறு ஆண்டே அதனை நாமே ஆக்கும் முயற்சி தொடங்கிற்று.

அவ்வெஞ்சினின் எரிபொருள் திரவ ஹைட்ரஜன். அதன் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 253 டிகிரி சென்டிகிரேடு. அங்கே எண்ணெய் கல்லாய் உறைந்துவிடும். ஆதலால் இத்தகைய பம்புகளில் எரிபொருளே தாங்கிகளினூடே பாய்ந்து அவற்றைக் குளிர்விக்கிறது. ஆயினும் எண்ணெயின் வழுவழுப்பு அதற்கில்லை. குளிரில் உலோகம் சுருங்கும்போது மயிரிழை இடைவெளி பிசகினாலும் அச்சு இறுகிவிடும்.

2010 ஏப்ரல் 15-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இவ்வெஞ்சினைத் தாங்கிய முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் எழுந்தது. எரிபொருளை முன்தள்ளும் சிறிய டர்போ பம்பு நிமிஷத்திற்கு 34,800 சுற்று வேகத்தை எட்டியது. ஆனால் எஞ்சின் தொடங்கிய ஏறத்தாழ 0.9 விநாடியில் அதன் வேகம் குன்றிற்று. அடுத்த அரை விநாடியளவில் அது நின்றே போயிற்று. ராக்கெட் கடலில் வீழ்ந்தது. அடைப்பான் ஒன்றில் அச்சு இறுகியிருக்கலாம், அல்லது டர்பைனின் உறை வெடித்திருக்கலாம் என்று ஆய்வாளர் முடிவு கூறினர்.

தாங்கிகளும் உறையும் கடுங்குளிரில் சுருங்கி விரிவதைக் கருத்திற்கொண்டு பம்பு திருத்தியமைக்கப்பட்டது. 2014 ஜனவரி 5-ஆம் நாள் அவ்வெஞ்சின் 1,982 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட்-14 துணைக்கோளை விண்ணில் சேர்த்தது. மோட்டார் வண்டியில் ஓர் எண்ணெய்ப் படலம் எளிதிற் செய்யும் பணியை, அங்கே இடைவெளியின் நுண்ணிய கணக்கு செய்ய வேண்டியிருந்தது. அக்கணக்கைக் கற்க நமக்கு இருபது ஆண்டுகள் ஆயின.