காப்பிப் பழியும் வகுப்பறைத் தூக்கமும்

பள்ளி மாணவரிடையே ஆற்றல் பானங்கள் பரவுவது குறித்து இன்று எழும் கவலையை, ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய காப்பிச் சர்ச்சையோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழகத்தில் காப்பி பரவிய வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். காலை நீராகாரத்தின் இடத்தைக் காப்பி பிடித்தபோது எழுந்த கண்டனங்கள் உடல்நலத்தின் பெயரைச் சொன்னாலும், பெரும்பாலும் ஒழுக்கத்தைப் பற்றியவையே. யார் எவ்வளவு குடித்தார், எப்படி உறங்கினார் என்று அளந்தவர் அரிது.

அளக்கும் முயற்சியைத் தூண்டியது ஓர் அமெரிக்க வழக்கு. 1909இல் சட்டனூகா நகரில் அந்நாட்டு அரசு கோக்கா கோலாச் சாறு நிறைந்த பீப்பாய்களைப் பறிமுதல் செய்தது. சேர்க்கப்பட்ட காஃபீன் கேடு விளைவிக்கும் என்பது குற்றச்சாட்டு. 1911இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, நிறுவனத்தின் செலவில் ஹாரி ஹாலிங்வொர்த் என்னும் உளவியலாளர் 16 பேரைச் சோதித்தார். எந்த உறையில் காஃபீன் உள்ளது என்பது உட்கொண்டவருக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. சிறிய அளவுகளில் பெருங்கேடு தென்படவில்லை; பெரிய அளவுகளில் உறக்கம் குலைந்தது. செலவு நிறுவனத்துடையது எனினும் முறை நேர்மையானது. ஆனால் அப்பதினாறு பேருள் பள்ளிப்பிள்ளை எவருமில்லை. 1916இல் உச்ச நீதிமன்றம் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்ப, நிறுவனம் காஃபீனின் அளவைக் குறைத்துச் சமரசம் செய்துகொண்டது. பிள்ளைகளைப் பற்றிய கேள்வி அப்படியே நின்றது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு விதிகள் காஃபீன் பானங்களுக்கு லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் என வரம்பிட்டன; குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்ற எச்சரிக்கையும் கட்டாயமாயிற்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015ஆம் ஆண்டுக் கருத்துரைப்படி, சிறாருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை கவலைக்குரியதன்று. 40 கிலோ எடையுள்ள மாணவனுக்கு இது 120 மில்லிகிராம். உயர்வரம்பில் தயாரான 250 மில்லிலிட்டர் குவளை ஒன்றில் 75 மில்லிகிராம் இருக்கும். இரண்டு குடித்தால் எல்லை தாண்டிவிடும். வீட்டுத் தேநீரை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

காஃபீன் களைப்பைப் போக்குவதில்லை. அடினோசின் என்னும் உறக்க அறிவிப்பை மூளைக்குள் மறைக்கிறது. மாலை ஆறு மணிக்கு அருந்தியதில் ஏறத்தாழப் பாதி இரவு பதினொன்றுக்கும் குருதியில் இருக்கும். நாள்தோறும் அருந்தியவன் ஒருநாள் நிறுத்தினால் தலைவலி, எரிச்சல், கவனச் சிதறல் தோன்றும். ஆசிரியர் கண்ணில் இவை அடங்காமையாகப் படுகின்றன. தண்டனையும் அதற்கேற்பவே அமைகிறது. பழைய காப்பிக் கண்டனத்தின் தொடர்ச்சியை நான் இங்கேதான் காண்கிறேன்.

லம்பா லைன் போன்ற அந்தமான் குடியிருப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. உணவுப்பொருள் உறையின் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழோ வங்காளமோ மட்டும் வாசிக்கும் தாய்க்கு அந்த எச்சரிக்கை இருந்தும் இல்லாததே. ஹாலிங்வொர்த்தின் உறையைப் போலவே, உள்ளே இருப்பதை அறியாமல் பிள்ளைக்குக் காசு கொடுக்கிறாள்.

தீவுகளின் தமிழ்க் குடும்பங்களில் காப்பி, தேநீர்ப் பழக்கம் நுழைந்த காலம் பற்றிய நினைவுகளோ கடைக் கணக்கேடுகளோ வைத்திருப்போர் தெரிவித்தால், இவ்வாய்வைத் தொடரப் பேருதவியாக இருக்கும்.